ஒன்றாம் வகுப்புக்கு என்ன படிக்க வேண்டும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தெருவில் எனக்கு ஒரு மாதத்துக்கு மவுசு கூடிவிடும். கல்வித் துறையில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையர் ஆனவன் என்பதுதான் காரணம். "சார், டீச்சர் வேலைக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டு வருவார்கள். "எந்த வகுப்புக்கு டீச்சர்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். முழிப்பார்கள். டீச்சர் என்றால் டீச்சர்தானே, அதில் என்ன வகுப்பு என்ற நினைப்பு.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் காலத்தில் 'டீச்சர் டிரெயினிங்' என்று சொன்னோமே, பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடப் பட்டயப் படிப்பு, அதற்கு இப்போது டி.எல்.எட். என்று பெயர். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரைக்கும் அதுதான் தகுதி. டிகிரி முடித்து பி.எட். படித்தால் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே. எம்.ஏ. அல்லது எம்.எஸ்ஸி.யோடு பி.எட். சேர்ந்தால் பிளஸ் ஒன், பிளஸ் டூ. எட்டாம் வகுப்பு வரைக்கும் டெட் என்கிற தகுதித் தேர்வு வேறு. 150 மார்க்குக்கு 90 எடுக்க வேண்டும். எம்.எட். என்பது பி.எட். கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு. பள்ளிக்கூட வேலைக்கு அது அவசியமில்லை. தமிழ்நாட்டுப் பள்ளி ஆசிரியர்கள் அதைத் தபாலில் படித்துத் தள்ளியதற்கு ஊக்க ஊதியம் பெரிய காரணம். அதில் தப்பு ஒன்றும் இல்லை, பிள்ளை குட்டிக்காரர்கள்.

என் தங்கையின் பேத்தி இந்த வருடம் பிளஸ் டூ. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்து எழுத்துச் சொல்லித் தருகிறாள், நானே பார்த்திருக்கிறேன். அவள் அம்மாவுக்கோ பட்டயம் என்ற பேச்சே பிடிக்கவில்லை. "டிகிரி முடிச்சு பி.எட். பண்ணட்டும் மாமா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல டிப்ளமோன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? பி.எட். படிச்சா ஒண்ணாங் கிளாசுக்கும் போகலாம், பத்தாங் கிளாசுக்கும் போகலாமே" என்றாள்.

போக முடியாது. இதைத்தான் பலர் இன்னும் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. 2018இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், பி.எட். படித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு வரலாம், வேலையில் சேர்ந்தபின் ஆறு மாதம் ஒரு இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்று அறிவித்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. 2023 ஆகஸ்ட் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கு முன்பே வேலையில் சேர்ந்துவிட்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெண், 2018 அறிவிப்பை நம்பி பி.எட். முடித்து, தொடக்கப் பள்ளி வேலைக்காக டெட் முதல் தாளும் எழுதித் தயாராக இருந்தாள். தீர்ப்பு வந்த அன்று அவள் அப்பா பேப்பரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றார். நான் என்ன சொல்ல? அவள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள்.

அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனாலும் தீர்ப்பு சரி என்றே எனக்குப் படுகிறது. காரணம், எனக்கு ஒன்றாம் வகுப்பு எடுத்த மதாம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் மட்டும் பேசியவர்கள். பிரெஞ்சில் ஒரு 'உ' இருக்கிறது. நம் உ அல்ல, ஈயும் அல்ல. பெரியவர்களே தடுமாறுவார்கள். மதாம் எங்களை 'ஈ...' என்று இழுக்கச் சொல்வார். நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் விசில் அடிப்பது போலக் குவிக்கச் சொல்வார். சத்தம் தானாக வந்துவிடும். இலக்கணமும் இல்லை, அடியும் இல்லை. ஐந்தே நிமிடம். அந்த அம்மாள் படித்தது பிரெவே வரைக்கும்தான். பிற்பாடு பாக் வகுப்பில் பாடம் எடுத்த, பெரிய பட்டங்கள் வாங்கிய முசியேக்கள் யாருக்கும் இந்த வித்தை தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை.

இப்படிப்பட்ட வித்தையைச் சொல்லிக் கொடுக்கத்தான் பிரான்சில் 'எகோல் நோர்மால்' இருந்தது. 1833ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டமும் தொடக்கப் பள்ளி வாத்தியார்களுக்கென்று ஒரு நோர்மால் பள்ளி வைத்திருக்க வேண்டும். இங்கே 'நோர்ம்' என்றால் முன்மாதிரி, அளவுகோல். அந்தப் பெயரே இங்கிலீஷுக்குப் போய், 1856இல் சென்னையில் அரசு 'நார்மல் ஸ்கூல்' ஆனது. சைதாப்பேட்டை டீச்சர்ஸ் காலேஜ் என்று நமக்குத் தெரிந்தது அதன் வளர்ச்சிதான். நார்மல் என்பதைச் சாதாரணம் என்று நினைத்து, சாதாரண ஆட்கள் படிக்கும் இடம் என்று என் சக குமாஸ்தா ஒருவர் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தார்.

பிரான்சில் இன்னொன்றும் செய்தார்கள். 1990இல் தொடக்கப் பள்ளி வாத்தியாருக்கு 'பள்ளிப் பேராசிரியர்' என்று புதுப் பதவி உண்டாக்கி, அதன் சம்பள அட்டவணையை உயர்நிலைப் பள்ளியின் தகுதிச் சான்று பெற்ற ஆசிரியருடைய அட்டவணைக்குச் சமமாக வைத்தார்கள். நம் கேந்திரிய வித்யாலயா விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். தொடக்க நிலைக்கு ஆரம்பச் சம்பளம் 35,400, பட்டதாரி ஆசிரியருக்கு 44,900, முதுகலைக்கு 47,600. பிள்ளையின் வயது ஏற ஏற வாத்தியாரின் மதிப்பும் ஏறுகிறது. இப்படி இருக்கும்போது, தங்கை மருமகள் பட்டயத்தை இளப்பமாகப் பேசுவதைக் குறை சொல்ல முடியுமா? அரசாங்கமே எண்ணில் எழுதி வைத்திருக்கிறதே.

வருடக் கணக்கில் மட்டும் இரண்டு நாடும் ஒரே மாதிரி ஊஞ்சல் ஆடுகின்றன. இங்கே பி.எட். 2015இல் இரண்டு வருடமானது. 2025இல் ஒரு வருடப் படிப்பை மறுபடி கொண்டுவர வரைவு விதி வந்தது. அங்கே 2010 வாக்கில் முதுகலை வேண்டும் என்றார்கள். இப்போது 2026 முதல் இளங்கலை அளவிலேயே போட்டித் தேர்வு எழுதலாம் என்கிறார்கள்.

2020ஆம் வருடத்துக் கல்விக் கொள்கை, 2030க்குள் நான்கு வருட ஒருங்கிணைந்த படிப்பே ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி ஆகும் என்கிறது. டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்து ஒரே மூச்சில் முடியும். தேசிய அளவில் நுழைவுத் தேர்வு உண்டு. புதுசு என்று பேசுகிறார்கள். மைசூரில் இருக்கும் மண்டலக் கல்வி நிறுவனம் 1963இல் தொடங்கிய நாளிலிருந்தே நான்கு வருடப் படிப்பைத்தான் நடத்தி வந்தது. தென் மாநிலங்களோடு நம் புதுச்சேரிப் பிள்ளைகளும் அங்கே சேரலாம். ஆனால் நம் ஊரில் அதற்கு விண்ணப்பம் போடுகிறவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

பேத்திக்கு நான் சொன்னது இதுதான். நான்கு வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுது. கிடைத்தால், அது எந்த நிலைக்கு உன்னைத் தயார் செய்கிறது என்று பார்த்துவிட்டுச் சேர். எல்லா இடத்திலும் தொடக்க நிலை இருக்காது. கிடைக்காவிட்டால் தயங்காமல் பட்டயத்தில் சேர். அதை முடித்துவிட்டு தபால் வழியில் ஒரு டிகிரி வாங்கிக்கொள். பட்டயமும் டிகிரியும் சேர்ந்தால், குழுமத்தின் 2010ஆம் வருட அறிவிப்புப்படி, ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கும் கதவு திறக்கிறது. அந்தந்த மாநில நியமன விதியை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கும் டிகிரி ஆயிற்று.

அவள் அம்மா கடைசி வரியைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்; அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி வந்தது.

கல்லூரி பார்க்கப் போகிறவர்களிடம் நான் இரண்டு விஷயம் கேட்கச் சொல்வேன். ஒன்று, அந்தப் படிப்புக்குக் குழுமத்தின் அங்கீகாரக் கடிதம் எங்கே. இரண்டாவது, பயிற்சிக்கு எந்தப் பள்ளிக்கு, எத்தனை வாரம் அனுப்புவீர்கள். பி.எட்.டுக்கு இரண்டு வருடத்தில் இருபது வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்பது விதி. வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும் என்று ஆசை காட்டும் இடங்களும் உண்டு. பேர் சொல்லப் போவதில்லை. பேத்தியை நாளை மறுநாள் நானே அழைத்துப் போகிறேன். பள்ளியின் பெயர் சொல்லத் தெரியாத இடமாக இருந்தால் விண்ணப்பம்கூட வாங்காமல் பஸ் ஏறிவிடுவோம் என்று பேசி வைத்திருக்கிறோம்.