டக்... டக்... டக்...

உங்க வீட்லயும் ஒரு பழைய வண்டி தூங்குதா? அப்போ இது உங்களுக்குத்தான்.

எங்க மாமாவோடது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1961லிருந்து நம்ம மெட்ராஸில் தயாரான கார். 1962ல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கே, அது ஹெரால்டு சேஸியைக் குறுக்கிச் செஞ்சதுதான்! அந்த வண்டியில் ஆறு மாசமா 'டக் டக்' சத்தம். "கியர்பாக்ஸ் போச்சுடா, வித்துடலாம்" என்றார் மாமா, முகத்தைத் திருப்பிக்கிட்டு.

கத்திப்பாரா வரை ஓட்டிப் பார்த்தோம். ஓடும்போது கிளட்சை மிதித்தாலும் சத்தம் நிற்கலை. அப்போ இன்ஜின் இல்லை. கியர்பாக்ஸா?

கிண்டிக்குத் திரும்பி, பின்சக்கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். நியூட்ரலில் மாமா தள்ள, நான் குனிந்தபடி எண்ணினேன். சக்கரம் ஒரு சுற்று, ஒரே ஒரு டக். யோசிச்சுப் பாருங்க: சக்கரம் ஒருமுறை சுற்றினா கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் நாலு முறைக்கு மேல சுற்றும். கோளாறு அங்கே இருந்தா நாலு டக் கேட்கணுமே!

ஜாக்கி போட்டு இடது ஆக்ஸில் ஷாஃப்ட்டை ஆட்டினோம். யூனிவர்சல் ஜாயின்ட் கிரீஸ் இல்லாமல் துருப்பிடிச்சுக் கிடந்தது. அதை மட்டும் மாற்றினோம், அவ்வளவுதான்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி காதைக் கொடுங்க நண்பர்களே. மாமா வண்டியை விற்கலை. கைனமேட்டிக்ஸ்ல எனக்கு இருக்கிற அரியர் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு!