கணக்கு ஏட்டிலும் எழுத்து

கட்டுரை தமிழ்ப் பாடவேளைக்கு உரியது. கணிதத்திற்கு எண் போதும், அறிவியலுக்குப் படம் போதும் என்னும் பாகுபாடு மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் ஆழ வேரூன்றியுள்ளது. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ பயிலும் மாணவன் ஒருவனின் புத்தகப் பையைத் திறந்து பார்ப்போர்க்கு இவ்வுண்மை விளங்கும். தமிழ் ஏட்டில் அவன் எழுதுகிறான். ஏனைய ஏடுகளில் கரும்பலகையைப் பார்த்துப் படியெடுக்கிறான். பயிற்சி நூல்களில் கோடிட்ட இடங்களை நிரப்புகிறான். படியெடுத்தல் வேறு, எழுதுதல் வேறு. முன்னதற்குக் கை போதும். பின்னதற்கு மனம் வேண்டும்.

நீராவி குளிர்ந்து நீராகும் என்பது பாடம். அதனைப் பிழையின்றி ஒப்பிக்கும் சிறுவனிடம், பனிக்கட்டி இட்ட சிராப் குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றுவது ஏன் என்று வினவி, நான்கு வரி எழுதச் சொன்னால் என்ன எழுதுவான்? ‘குவளையிலிருந்து தண்ணீர் கசிந்து வருகிறது’ என்றே பலரும் எழுதுவர். கோடிட்ட இடத்தை நிரப்பியபோது மறைந்திருந்த பிழையான எண்ணம் இப்போது வெளிப்பட்டுவிடுகிறது. இனி ஆசிரியர்க்கு வழி எளிது. சிராப் செந்நிறமாயிற்றே, கசிந்த துளி மட்டும் நிறமற்றிருப்பது எவ்வாறு என்று கேட்டால் போதும். சிறுவன் துளியைத் துடைத்துப் பார்ப்பான்; சுவைத்தும் பார்ப்பான். பின்னர்த் தான் எழுதியதைத் தானே அடித்துவிட்டு, காற்றிலுள்ள நீராவியைத் தேடிச் செல்வான். உற்றறிதல், ஊகித்தல் எனப் பாடத்திட்டம் பெயரிட்டு வைத்துள்ள திறன்கள் இவையன்றி வேறல்ல.

கணிதத்திலும் இதுவே நிலை. அரையோடு காலைக் கூட்டி ஆறில் இரண்டு என விடை தரும் பிள்ளைகள் பலர். ஆசிரியர் சிவப்பு மையால் குறுக்குக் கோடு இடுவார். பிள்ளை சரியான விடையைப் படியெடுக்கும். மறுநாள் அதே பிழை மீண்டும் முளைக்கும். அதற்கு மாறாக, ‘அரை ரொட்டி சானாயோடு கால் ரொட்டி சானாய் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று உன் தம்பிக்கு விளக்கி எழுது’ என்று பணித்தால், ஆறில் இரண்டு என்பது மூன்றில் ஒன்றே என்பதையும், கூட்டி வந்த தொகை முன்னிருந்த அரையினும் குறைந்துவிட்டதையும் அப்பிள்ளை தன் வரிகளிலேயே கண்டு திடுக்கிடும். பசியுள்ள தம்பி இக்கணக்கை ஒருபோதும் ஒப்பான்!

இக்கருத்து புதிதன்று. இங்கிலாந்தில் ஆலன் புல்லக் தலைமையில் அமைந்த குழு, ஒவ்வொரு பள்ளியும் எல்லாப் பாடங்களையும் தழுவிய மொழிக் கொள்கை ஒன்றை வகுத்தல் வேண்டுமென 1975இல் தன் அறிக்கையில் வற்புறுத்தியது. எழுதுதல் என்பதே கற்கும் முறைகளுள் ஒன்று என அமெரிக்கக் கல்வியாளர் ஜேனட் எமிக் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். கற்றபின் எழுதுவது மட்டுமன்று. எழுதுகையிலேயே கற்கிறோம் என்பது அதன் சாரம்.

வரலாற்றுப் பாடத்திற்கு வெகுதொலைவு போக வேண்டுவதில்லை. 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சீரழித்தன. மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்த கடைவீடுகளின் இடத்தில் செங்கற் கட்டடங்கள் வந்தன. அதற்கெனச் சூளைகள் அமைந்த வட்டாரமே பிரிக்பீல்ட்ஸ். ஆண்டை மனப்பாடம் செய்தவன் தேர்வு முடிந்ததும் மறப்பான். அன்றைய கடைக்காரர் ஒருவராகத் தன்னை எண்ணி, செங்கல்லுக்குப் பணம் செலவிடலாமா என்று வாதிட்டுக் கடிதம் எழுதியவனோ காரணத்தைப் பற்றிக்கொள்வான்.

இவ்வாறு எழுதுவதற்குச் சிந்தனை பழகிய மொழி வேண்டும். 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் தமிழ்ப்பள்ளிகளின் முதலாம் ஆண்டில் அப்பாடங்கள் தமிழுக்குத் திரும்பின. அவ்விடைக்காலத்தைப் பற்றிய வழக்காடல்கள் பெரிதும் கலைச்சொற்களைப் பற்றியும் தேர்ச்சியைப் பற்றியுமே நிகழ்ந்தன. ஆனால் ஏழு வயதுக் குழந்தை தனக்குத் தெரியாததைத் தன் சொற்களில் எழுதிக் காட்டும் வாய்ப்பை இழந்ததே பேரிழப்பு. பழகாத மொழியில் அது படியெடுக்கத்தான் முடியும். அதே நேரத்தில், தமிழ் திரும்பியபின்னரும் கோடிட்ட இடங்கள் அப்படியே இருக்குமாயின், மீட்டது என்ன என்று கேட்பதும் நியாயமே.

முப்பது மாணவர் எழுதியதை எவ்வாறு திருத்துவது என்பர் ஆசிரியர். அக்கவலை பொருளற்றதன்று. எனினும் எல்லாவற்றையும் திருத்த வேண்டுவதில்லை, வாசித்தால் போதும். பாடம் முடியும் ஐந்து நிமிடத்தில் எழுதிய மூன்று வரிகளை விரைந்து நோக்கினாலே மறுநாள் எங்கே தொடங்குவதென்பது தெரிந்துவிடும். றகர ரகரப் பிழைகள் அன்றைக்கு மட்டும் மன்னிக்கப்படட்டும். (தமிழாசிரியர்கள் சினம் கொள்ளலாம், அவர்களுடைய பாடவேளை அவர்களுக்கு உண்டு.) அறிவியல் ஏட்டில் சிவப்பு மையைக் கண்டு அஞ்சும் பிள்ளை, தான் அறியாததை ஒருநாளும் எழுதாது.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021இல் ஒழிக்கப்பட்டது. தேர்வுக்கு நேரமில்லை என்னும் பழைய மறுமொழி அத்துடன் நீங்கிற்று. ஆறாண்டு முடிந்ததும் தமிழ்ப்பள்ளி மாணவர் பெரும்பாலோர் தேசிய மொழியில் பயிற்றும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்கின்றனர். அங்குக் கலைச்சொற்கள் யாவும் மாறிவிடும். குவளையின் புறத்தே படிந்த துளி எங்கிருந்து வந்தது என்பதைத் தமிழில் எழுதித் தெளிந்தவன் அங்குக் கற்கவேண்டியது புதிய சொற்களை மட்டுமே. சொல்லை மட்டும் மனப்பாடம் செய்தவன் சொல்லையும் பொருளையும் ஒருங்கே தேடவேண்டியவனாகிறான்.