தாடையும் தீக்குச்சியும்

தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாங்கிய தீப்பெட்டியாயினும், அதில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி ஆகிய ஊர்ப்பெயர்களுள் ஒன்று பெரும்பாலும் காணப்படும். அப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் பூசப்பட்டிருப்பது செம்பாஸ்பரஸ். குச்சியை உரசும்போது முதற்பொறி அதிலிருந்தே பிறக்கிறது.

1669-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர், பொன் செய்யும் வழி தேடிச் சிறுநீரைச் சுண்டக் காய்ச்சினார். பொன் கிட்டவில்லை, இருளில் ஒளிரும் பொருள் ஒன்று கிட்டியது. அதுவே வெண்பாஸ்பரஸ். ஏறத்தாழ 30 பாகை வெப்பத்திலேயே அது காற்றில் தானாகத் தீப்பற்றும்; ஆதலால் அதனை நீருக்குள் இட்டுக் காப்பர்.

பாஸ்பரஸ் போதிய காற்றில் எரிந்தால் உண்டாகும் ஆக்சைடு, நீருடன் சேர்ந்து பாஸ்பாரிக் அமிலமாகிறது. காற்றுக் குறைந்தால் உண்டாகும் ஆக்சைடோ பாஸ்பரஸ் அமிலத்தைத் தருகிறது. இரு அமிலங்களிலும் மூன்று ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. முதலாவது மூன்றையும் விட்டுக்கொடுக்கும். இரண்டாவது இரண்டை மட்டுமே கொடுக்கும். அதன் மூன்றாம் ஹைட்ரஜன், ஆக்சிஜனோடு பிணையாமல் பாஸ்பரஸோடு நேராகப் பிணைந்திருப்பதே காரணம். எத்தனை அணுக்கள் என்பது மட்டுமன்று, அவை எதனோடு பிணைந்துள்ளன என்பதும் ஒரு பொருளின் இயல்பை முடிவு செய்கிறது.

பாஸ்பாரிக் அமிலத்தில் ஹைட்ரஜனின் இடத்தைக் கால்சியம் பெற்றால் கால்சியம் பாஸ்பேட் உண்டாகும். எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருவது இவ்வகை உப்பே. மனித உடலிலுள்ள பாஸ்பரஸில் ஏறத்தாழ 85 விழுக்காடு அங்கேதான் உள்ளது.

ஆயினும் 19ஆம் நூற்றாண்டில், வெண்பாஸ்பரஸால் தீக்குச்சி செய்த தொழிலாளர் பலரின் தாடை எலும்பை அதன் ஆவி அரித்தது. பல்வலியாகத் தொடங்கிய நோய், சீழ் பிடித்துத் தாடையையே அழித்தது. எலும்பைக் கட்டிய தனிமமே எலும்பைச் சிதைத்தது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெண்களும் சிறுமியரும் கொடுமைகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். நஞ்சு படியும் பணிக்கூடத்தில் உண்ணாதிருக்கத் தனி உணவறை பெற்றது அவர்களது வெற்றிகளுள் ஒன்று.

தீங்கு குறைந்த செம்பாஸ்பரஸ் 1845-லேயே வியன்னாவில் அறியப்பட்டிருந்தது. எனினும் வெண்பாஸ்பரஸ் மலிவு. அக்குச்சி எங்கு உரசினாலும் பற்றும். ஆகவே பலர் அதனை விடவில்லை. இந்தியாவில் அத்தீக்குச்சியைத் தடுக்கும் சட்டம் 1913-இல்தான் வந்தது.

வழி தெரிந்த பின்னும் தயங்கிய அந்த ஆண்டுகளின் விலையைத் தொழிலாளர் தம் தாடைகளால் செலுத்தினர். இன்று தீப்பெட்டியின் ஓரத்தில் உள்ள எளிய பட்டை, அவர்களது துயரத்துக்குப் பின் கிடைத்த பாதுகாப்பு.