ஈர்க்குச்சி அளவு

மார்கழி வந்துவிட்டால் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் அத்தை வீட்டு வராந்தாவில் கால் வைக்க இடம் இருக்காது. சாக்குச் சாக்காகப் பழைய ஷூக்கள் வந்து இறங்கியிருக்கும். மலைமேல் விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் கால் வளர்ந்ததும் கழித்துப் போட்டவை, பங்களாக்காரர்கள் கொடுத்தனுப்பியவை, மதுரையிலிருந்து தெரிந்தவர்கள் பஸ்ஸில் ஏற்றிவிட்டவை. சாக்கைக் கவிழ்த்ததும் பழந்தோலும் ஈரக் கம்பளியும் யார் யாருடைய வியர்வையோ கலந்த ஒரு வாடை எழும்பும். அடுப்படியிலிருந்து வரும் சுக்குக்காப்பி மணமும், சன்னல் இடுக்கில் நுழையும் தைலமரக் காற்றும் அதோடு சேர்ந்துகொள்ளும். குளிர்காலம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான்.

அத்தை வில்பட்டிக்குப் போகிற பாதையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அரைப் பரீட்சை லீவுக்கு நான் போனால் எனக்கென்று வேலை வைத்திருப்பார். ஈர ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்துக் குமுட்டி அடுப்புக்குப் பக்கத்தில், ரொம்பக் கிட்டேயும் போகாமல், வரிசையாக வைக்க வேண்டும். கிட்டே வைத்தால் தோல் வெடித்துவிடும். காய்ந்ததும் செர்ரி பிளாசம் டப்பாவைத் திறந்து, பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, வாயால் ஆவி ஊதித் தேய்க்க வேண்டும். என் முகம் அதில் மங்கலாகத் தெரிகிறவரைக்கும் விடமாட்டேன்; உலகத்திலேயே முக்கியமான உத்தியோகம் அதுதான் என்று அப்போது நம்பியிருந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் சாயங்காலம் வந்து, கிழிந்த ஸ்வெட்டர்களின் கையை மட்டும் வெட்டி, ஒரு முனையைத் தைத்துக் காலுறையாக்கித் தருவார். காசு வாங்க மாட்டார். ஒரு தம்ளர் காப்பி போதும் அவருக்கு.

கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரம். மார்கழி, தையில் விடிகாலைப் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். அதன்மேல் வெறுங்காலோடு அத்தையின் பள்ளிக்கு நடந்து வருகிற பிள்ளைகள், வழியில் மாடு படுத்தெழுந்த இடம் இருந்தால் அங்கே கொஞ்சம் நின்று பாதத்தைச் சூடேற்றிக்கொண்டு வருவார்கள். அந்தச் சின்ன வயதிலேயே குதிகாலில் பித்தவெடிப்பு, வெடிப்புக்குள் ரத்தக்கோடு. அவர்களுக்குத்தான் அந்த ஷூக்கள்.

அவர்களில் பலர் பட்டை உரிக்கிற குடும்பத்துப் பிள்ளைகள். மலையின் புல்வெளிகளில் வனத்துறை வாட்டில் மரத்தை நட்டு வளர்த்தது அதன் பட்டைக்காக. தோல் பதனிட அந்தப் பட்டைச் சாறு வேண்டும். முன்பு ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிட்டார்கள், பிறகு அந்த இடத்தை வாட்டில் பிடித்துக்கொண்டது. 1964-ல் பிரதமர்கள் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களும் இந்தக் காட்டுவேலைக்கு வந்து சேர்ந்தன. அடிமரத்தில் கோடாலியால் ஒரு வெட்டுப் போட்டு, பட்டையை நுனிவரைக்கும் சர்ரென்று மேல்நோக்கி இழுத்து உரிப்பார்கள். உரித்தவர்களின் உள்ளங்கை கறையேறிக் கறுத்திருக்கும், சோப்புக்குப் போகாது. பட்டைக்கட்டு ஏற்றிய லாரிகள் லாஸ்காட் ரோட்டில் முனகிக்கொண்டு வத்தலக்குண்டு பக்கம் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்தன, ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருந்தன. எந்தப் பட்டை எந்தத் தோலுக்குப் போனதென்று யாரால் சொல்ல முடியும்? ஆனால் அத்தை எப்போதும் சொல்வார்: “தானம் கொடுக்கிறோம்னு நினைக்காதடி. இது அவங்க அப்பன் உரிச்ச பட்டைல பதமான தோலு. சுத்திச் சுத்தி இப்பத்தான் அவங்க வீட்டுக்குப் போகுது.” எனக்கு அது அப்போது பாதிதான் விளங்கியது. இன்றுவரை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

குவியலில் கைக்கு வந்ததை எடுத்து நீட்டுவது அத்தைக்கு ஆகவே ஆகாது. லீவு விடுவதற்கு முன்பே ஒவ்வொரு பிள்ளையையும் சுவரோரம் குதிகாலை ஒட்டி நிற்கவைத்து, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, பெருவிரல் நுனிக்கு மேல் அரை விரல்கடை விட்டு ஒடிப்பார். குச்சியில் ஒரு துண்டுத் தாள், தாளில் பெயர். நூல் போட்டுக் கட்டிய அந்தக் கட்டு வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு குச்சியாக ஷூவுக்குள் விட்டுப் பார்ப்பது நானும் அத்தையும். நீளம் பொருந்தினாலும் அகலம் பொருந்தாது. வெறுங்காலோடு நடந்து வளர்ந்த பாதம் விரல்பக்கம் விரிந்திருக்கும். விடுதிப் பிள்ளைகளின் ஷூவோ முன்னால் குறுகியிருக்கும். கர்நாடகத்தில் மருத்துவர்கள் இருவர் 2,300 பிள்ளைகளின் பாதச்சுவட்டைப் பதிந்து பார்த்து, சின்ன வயதில் மூடிய ஷூ போட்டவர்களிடமே தட்டைப்பாதம் அதிகம் என்று 1992-ல் எழுதினார்கள். பின்னாளில் அதைப் படித்தபோது எனக்கு அத்தை ஞாபகம்தான் வந்தது. அவர் எந்த ஆராய்ச்சியும் படிக்காமலே, அகலம் பத்தாத ஷூ எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். “கடிக்கிற ஷூவுக்கு வெறுங்காலு தேவலை.”

இன்றைக்கு மலைப்பகுதிப் பள்ளிகளில் அரசே கம்பளிச் சட்டை, மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை கொடுக்கிறது. எவ்வளவு பெரிய காரியம்! அத்தை இருந்திருந்தால் சந்தோஷப்பட்டு, கூடவே “அளவு எடுத்தாங்களா?” என்றும் கேட்டிருப்பார்.

அத்தை ஷூ கொடுக்கிற அன்றைக்கு மேடையும் கிடையாது, பேச்சும் கிடையாது. வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார். “வா சாமி, உக்காரு.” வெந்நீரில் நனைத்த துணியால் காலைத் துடைத்துவிட்டு, பொருந்துவதில் இரண்டை எடுத்து முன்னால் வைப்பார். எது வேண்டுமென்று பிள்ளைதான் சொல்ல வேண்டும். ஒரு சிறுமி, பட்டியும் பக்கிளும் வைத்த அழகான ஜோடியை விட்டுவிட்டு, பையன்கள் போடுகிற கனமான பழுப்பு ஷூவைக் காட்டினாள். விறகுக்குப் போக அதுதான் வசதியாம். போட்டதும் எழுந்து நடக்கத் தெரியாமல், முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன், சிரித்தால் அத்தை முறைப்பார். வீடு திரும்பும்போது பாதிப்பேர் ஷூவைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள், தேய்ந்துபோகுமாம்.

ஒரு பையன் மட்டும் வாங்க மாட்டேன் என்றான். பழனிக்கு மாலை போட்டிருந்தான். தைப்பூசம் முடியும்வரை செருப்பே தொடக்கூடாது. அத்தை வற்புறுத்தவில்லை. அவனுடைய ஜோடியில் குச்சியைச் செருகிப் பெயரோடு அலமாரியில் எடுத்து வைத்தார்.

தைப்பூசம் கழிந்து, மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் அவன் நாயுடுபுரத்துக்கே வந்துவிட்டானாம். அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஷூவை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றவன், சட்டைப் பையிலிருந்து நீளமாக ஒரு ஈர்க்குச்சியை எடுத்து நீட்டினான். “டீச்சர், இது அப்பா அளவு. தூங்கும்போது எடுத்தேன்.”

அந்த அளவுக்குக் குவியலில் ஒன்றும் இல்லை. வந்ததெல்லாம் பிள்ளைகள் ஷூ. அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அத்தை, பழைய பூட்ஸ் விற்கிற கடைமுன் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் குச்சியை விட்டுப் பார்த்திருக்கிறார்.

“ஏம்மா, ஆளைக் கூட்டிட்டு வந்தா என்னவாம்?”

“ஆளு பட்டைக் காட்டுல இருக்காருப்பா. நீ அந்தப் பெருசை எடு.”