ஆயிரம் ரூபாயும் வாரம் மூணு நாள் வேலையும்

மண்ணூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா நேற்று ராத்திரி பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். வீட்டுக்காரருக்கு கான்ட்ராக்ட் சம்பளம் மாதம் 17,000. இவருக்கு இப்போது வாரம் மூணு நாள் பேக்கிங் வேலை, மாதம் 4,500. வருஷக் கணக்கு 2,58,000.

2023 செப்டம்பர் 15 அன்று நம்ம காஞ்சிபுரத்தில்தான் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கி வைத்தார்கள். அக்காவும் அதை வாங்குகிறார். அதற்குக் குடும்ப வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது.

"எட்டாயிரம் தாண்டிடுச்சு தம்பி. சொன்னா பன்னிரண்டாயிரம் போயிடுமே?" எட்டாயிரத்தின் கீழே பென்சிலால் இரண்டு கோடு போட்டிருந்தார்.

மறைக்காம சொல்லிடுங்க அக்கா என்றேன். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கமே வரவில்லை. அவர் பெயரில், அவர் அக்கவுண்டில் மாசாமாசம் விழும் பணம் அது. பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர் வேலைக்குப் போனால், கூடுதலாகக் கையில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ்தான் குறைப்பார்கள். இங்கே கோட்டைத் தாண்டினால் மொத்தமும் போச்சு. ஒரகடம் பக்கம் கான்ட்ராக்ட் வேலை அடுத்த மாதம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கும் அதே கோடுதான். படிப்படியாகக் குறைத்தால் எத்தனை பேர் பயமில்லாமல் உண்மையைச் சொல்வார்கள்!

காலையில் அக்கா கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை வா தம்பி, எழுதிக் குடுத்துடலாம்" என்றார்.