பாங்கு கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை

கிழக்கிலங்கையின் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் உம்மாமார் பலரின் கதை ஒன்றுதான்: “பாங்கு சொன்னாத் திரும்பிப் பாக்கிறான் சேர். கதவடிச்சாலும் பாக்கிறான். நாம கூப்பிட்டாத்தான் இல்ல.” பிள்ளைக்குப் பிடிவாதம் என்று வாப்பா ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருப்பார். காது சோதிப்பவருக்கு அந்தப் பேச்சிலேயே பாதி விளங்கிவிடும். ஒலிபெருக்கியின் தடித்த ஓசை உள்ளே போகிறது. ச, ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் போவதில்லை. பேச்சின் தெளிவோ பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கிறது.

அடுத்த கேள்வி: காதில் மாட்டும் கேட்பு மெஷினா, உட்காதில் கொக்லியர் கருவியைப் பொருத்தும் ஒபரேசனா?

விலையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. உட்காதில் ஒலியை நரம்புக்குக் கடத்தும் மயிர்க்கலங்கள் போதிய அளவு மிஞ்சியிருந்தால், மெஷின் சத்தத்தைப் பெருக்கிக் கொடுத்து வேலை வாங்கும். அவை அழிந்திருந்தால் எவ்வளவு பெருக்கியும் பயனில்லை. கொக்லியர் கருவி அந்தக் கலங்களைத் தாண்டிச் சென்று நரம்பையே மின்சாரத்தால் தூண்டுகிறது. 1978இல் மெல்பேர்னில் மருத்துவர் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட தம் கருவியை முதன்முதலில் ஒருவருக்குப் பொருத்தினார். நல்ல உட்காதில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். இன்றைய கருவிகளில் மின்முனைகள் 12 முதல் 22 வரைதான். ஆகவே ஒபரேசன் முடிந்த மறுநாளே பிள்ளை பேசும் என்று எதிர்பார்ப்பது வீண். கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றினால் சத்தமும் போய்விடும். காதில் மிஞ்சியிருந்த கொஞ்சக் கேட்கும் திறனும் அந்த ஒபரேசனில் பல வேளைகளில் போய்விடுகிறது.

அதனால்தான் அனுபவசாலிகள் ஒபரேசனைப் பற்றிப் பேசுமுன், மெஷினின் ஒலியைக் காதுக்குள் கொண்டுசெல்லும் காது அச்சைப் பார்க்கிறார்கள். நூல் கட்டிய சிறு பஞ்சைக் காதுக்குள் வைத்து, சிலிக்கன் பசையைப் பீச்சி, அது இறுகும்வரை துள்ளும் பிள்ளையின் தலையைப் பிடித்திருக்க வேண்டும். சிரமப்பட்டு எடுத்த அச்சும் சில மாதங்களில் தளர்ந்துவிடும். பிள்ளையின் காது வளர்கிறதே! தளர்ந்தால் மெஷின் கீச்சிடும். வீட்டார் சத்தத்தைக் குறைப்பார்கள். பிறகு “மெஷின் சரியில்ல” என்பார்கள். கடற்கரை ஈரக்காற்று வேறு, அச்சின் குழாய்க்குள் நீர்த்துளியாகத் தேங்கி ஒலியை அடைக்கும். இரவில் ஈரமுறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அச்சு சரியென்றால் ஆறு ஒலிச் சோதனை: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். உதட்டைப் பார்த்துப் பிடித்துவிடாதபடி சோதிப்பவர் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொள்வார். ஒலி கேட்டால் பிள்ளை ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும். பொருத்தமான அச்சு, வலுவான மெஷின், சில மாதப் பழக்கம் எல்லாம் இருந்தும் ‘ஷ்’, ‘ஸ்’ என்றால் கட்டை விழவில்லையா? ஒபரேசனைப் பற்றி அப்போது பேசத்தான் வேண்டும், தள்ளிப்போடாமல். பிறவியிலேயே கேளாத பிள்ளைக்கு மூன்று நான்கு வயதுக்கு முன் செய்தால்தான் முழுப் பலன். பேசிப் பழகியபின் கேட்கும் திறனை இழந்த பெரியவர்களுக்கு இந்தக் கெடு கிடையாது.

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஒபரேசன் செலவை ஏற்கிறது. இங்கே காசு ஒரு வழியாகக் கிடைத்தாலும், கருவியை அடிக்கடி சரிசெய்யவும் கேட்கப் பழக்கவும் ஆள் வேண்டும். பேச்சுப் பயிற்சி தருவோரை ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் உருவாக்குகிறது. ஆனால் தமிழில் பயிற்சி தருவோர் கிழக்கு மாகாணத்தில் குறைவு.

ஆகவே பெற்றோரே, ஒபரேசனுக்கு நாள் குறிக்குமுன் இதைக் கேளுங்கள்: அதன் பிறகு கிழமைக்கு எத்தனை நாள், எந்த ஊரில், யாரிடம் பிள்ளைக்குத் தமிழில் பயிற்சி?