பத்துப் பேருக்கு ஒரு வீடு

2019-ம் ஆண்டு மாசி மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். மூன்று ஏக்கர் மாந்தோப்பு, இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசன வயல், இரண்டு கறவை மாடுகள், பத்து உருப்படிகள். பெரியவர், அவர் மனைவி, கணவரை இழந்து தம்பி வீட்டோடு இருக்கும் அக்கா, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள். பெரியவரின் ஒரே மகள் ராஜபாளையத்தில் வாக்கப்பட்டவர். மருமகனுக்கு நூற்பாலையில் வேலை.

மூத்த மகனுக்குச் சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எட்டு வருடமாக நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்தார். மாதம் ஒரு தடவை பொதிகை ரயிலில் வருவார். ஞாயிறு சாயங்காலம் மறுபடியும் ரயில். சின்ன மகன் கல்யாணமாகி ஒரு பிள்ளைக்குத் தகப்பனாகியும் ஊரிலேயே விவசாயம் பார்த்தார்.

அந்த மாசியில் ஊருக்கு வந்த மூத்தவர், சாப்பிட்ட கையோடு பேச்சை எடுத்தார்.

"அப்பா, தோப்பை வித்துருவோம். எல்லாருமா சென்னைக்கு வந்துருங்க. கடற்கரைப் பக்கம் வீடு பார்ப்போம். தம்பிக்கும் அங்க ஏதாவது வேலை கெடைக்கும். எத்தனை நாளைக்குப் பன்னியோட மல்லுக்கட்டுவான்?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. முந்தைய வருடம் மாங்காய்க்கு விலை இல்லை. வயலில் காட்டுப்பன்றி இறங்கிக் கிழங்கைக் கிளறிப் போட்டது. காய் பறிக்க ஆள் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அப்பாவை மாதம் இரண்டு நாள்தான் பார்க்கிறார்கள். பெரியவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், தோப்பை வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் ஒரு லட்சம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கிவிட்டார்.

மகளிடம் யாரும் சொல்லவில்லை. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அன்றைக்கே வந்து இறங்கினார்.

"ஏம்ப்பா, தோப்பை விலை பேசிட்டீங்களாமே?"

"உனக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுதானம்மா கட்டிக் கொடுத்தேன்."

"நான் பங்கு கேட்டு வரலப்பா. என்னைக் கேட்டிருக்கணும். அண்ணனும் தம்பியும் ஏறுன மரத்துல நானும்தான ஏறுனேன்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. அது தாத்தா காலத்துப் பூர்வீக நிலம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத் திருத்தம் வந்தது. 2005-ல் அது நாடு முழுமைக்கும் வந்தது. மகள் கையெழுத்து இல்லாமல் நடக்கும் கிரயம் பின்னால் வழக்கில்தான் போய் நிற்கும். அட்வான்ஸ் வாங்கும்போது வீட்டில் யாருக்கும் இது தோன்றவில்லை.

மகள் காசு கேட்கவில்லை, தடையும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ரெண்டு மாசம் அங்க போய் இருந்து பாருங்க. அப்பவும் சரின்னு பட்டா நானே வந்து கையெழுத்துப் போடுறேன்."

தோப்பு கேட்டவரும் ஆடி வரை பொறுப்பதாகச் சொன்னார்.

கணக்கு போடும் வேலையைப் பெரியவரின் மனைவி எடுத்துக்கொண்டார். பேத்தியின் பழைய நோட்டில், ஊரில் காசு கொடுக்காமல் கிடைப்பதை எல்லாம் எழுதச் சொன்னார். முதல் வரி அரிசி. பத்துப் பேருக்கு ஒரு நாளைக்கு நாலு கிலோ என்றால் வருடத்துக்கு 1,460 கிலோ. அதற்கு ஏறத்தாழ 2,200 கிலோ நெல் வேண்டும். ஓர் ஏக்கரில் நன்றாக விளைந்த ஒரு போகம் அப்படியே வீட்டுச் சாப்பாட்டுக்குப் போகிறது. இரண்டாவது பால், தினம் மூன்று லிட்டர். பிறகு தேங்காய், முருங்கை, கீரை, எலுமிச்சை, விறகு. கடைசி வரியாகத் தண்ணீர் என்று எழுதிவிட்டு, அதற்கு நேராக என்ன தொகை போடுவது என்று தெரியாமல் பேத்தி பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சென்னையில் மூத்தவர் வீடு தேடினார். திருவான்மியூரில் ஆரம்பித்து, வாடகை கட்டாமல் தெற்கே நகர்ந்து பாலவாக்கம் வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர்கள் முதலில் கேட்டது எத்தனை பேர் என்றுதான். பத்து என்றதும் மூன்று வீட்டில் முடியாது என்றார்கள். நான்காவது வீட்டில், மாடியில் மூன்று அறை, மாதம் 28,000 ரூபாய், பத்து மாத வாடகை முன்பணம், தண்ணீர்ச் செலவு தனி என்று பேசி முடிந்தது. அந்த வருடம் பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். மூத்தவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் பத்துப் பேரை வைத்துக்கொண்டு பேரம் பேசியிருக்க முடியுமா என்பது வேறு விஷயம்.

சித்திரைக் கடைசியில் மாங்காயை மரத்தோடு வியாபாரிக்குக் காய்க் குத்தகை விட்டு, மாடுகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு, பத்துப் பேரும் பொதிகையில் ஏறினார்கள். பெரியவர் தன் தோப்பில் காய் பறிக்கும்போது ஊரில் இல்லாத முதல் வருடம் அதுதான்.

கடல் நடக்கிற தூரத்தில் இருந்தது. அதிகம் சந்தோஷப்பட்டது அக்காதான். திருச்செந்தூரில் இரண்டு தடவை கடல் பார்த்தவர், இப்போது தினமும் சாயங்காலம் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மணலில் போய் உட்கார்ந்தார். மூத்த மருமகளின் முகமும் தெளிந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தினம் ராத்திரி கணவர் வீட்டில் சாப்பிட்டார்.

ஆனால் அது 2019-ம் வருடத்துக் கோடை. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கும் வற்றிக்கிடந்தன. குழாயில் தண்ணீர் நின்றது. லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அந்தக் கணக்கில் பத்துப் பேருக்கு 1,350 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்பது நாள் வராது. குடிக்கக் கேன் தண்ணீர் தனி. நோட்டின் கடைசி வரிக்கு இப்போது தொகை கிடைத்துவிட்டது. பெரியவரின் மனைவி, சோறு வடித்த கஞ்சியைக்கூடக் கொட்டாமல் எடுத்து வைத்தார்.

மொட்டை மாடியில் நான்கு தொட்டி வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதையை ஊன்றியிருந்தார். முளைத்துக் கொடி வீசியதும் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் தெளித்தார். நோய் இல்லை, தண்ணீரில் உப்பு. கீழ்வீட்டுப் போர்த் தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றியிருந்தார்கள். கடற்கரையில் நிலத்தடி நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உறிஞ்சி உறிஞ்சி நல்ல தண்ணீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் சுமார் நாற்பது அடி மேலே ஏறும். தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் ஓடினால் அவரைக்கொடி என்ன செய்யும்?

சின்னவருக்கு ஒரு கடையில் சரக்கு இறக்கும் வேலை கிடைத்தது. சம்பளம் தண்ணீருக்கும் பாலுக்கும் சரியாக இருந்தது. ஒட்டுக் கட்டுவதில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கியவர், ராத்திரி வந்து யாரிடமும் பேசாமல் படுத்துக்கொண்டார். ஜூன் மாதம், தண்ணீர் இல்லை என்று அந்தப் பகுதியில் பல நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னபோது, மூத்தவரும் மடிக்கணினியோடு வீட்டில் உட்கார்ந்தார். மூன்று அறையில் பத்துப் பேர். பிள்ளைகள் சத்தம் போட்டால் அதட்டல், அதட்டினால் மருமகள்களுக்குள் முகம் சுருங்கல்.

ஒரு நாள் சாயங்காலம் பெரியவர் மூத்தவரை மட்டும் கடற்கரைக்கு அழைத்துப் போனார்.

"நீ கூப்பிட்டது பாசத்துலதான்னு எனக்குத் தெரியும்யா. உன் பொண்டாட்டி பிள்ளைக உன்னோட இருக்கட்டும். அவங்களை இனி பிரிக்க வேண்டாம். நாங்க ஊருக்குப் போறோம். தோப்பு இருக்கட்டும்."

"அட்வான்ஸ் வாங்கிட்டீங்களேப்பா."

"அது என் தப்பு. நான் பார்த்துக்கிறேன்."

யாரும் எதிர்பார்க்காதபடி, அக்கா ஊருக்கு வர மாட்டேன் என்றார். "பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டு வர ஆள் வேணும்ல? நான் இங்கயே இருக்கேன் தம்பி." கடலையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஐந்து பேர் சின்ன வீட்டுக்கு மாறினார்கள். ஐந்து பேர் ஊருக்கு வந்தார்கள்.

தோப்பு கேட்டவர் சும்மா விடவில்லை. வட்டியோடு கேட்டார். ஒரு மாட்டை விற்றுத்தான் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அடுத்த தை மாதம் பெரியவர் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகம் போனார். மூத்தவரும் லீவு போட்டு வந்திருந்தார். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. மகள் தன் பங்கை வாங்கிக்கொண்டு, அதைத் தம்பியிடமே எழுத்து மூலம் குத்தகைக்குக் கொடுத்தார்.

இரண்டே மாதத்தில், 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கு வந்தது. ரயில் நின்றது. சென்னையில் இருந்த ஐந்து பேரும் இ-பாஸ் வாங்கி, வாடகைக் காரில் ஊர் வந்து சேர்ந்தார்கள். பல மாதம் பத்துப் பேரும் மறுபடி ஒரே வீட்டில் இருந்தார்கள். மூத்தவர் தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நிறுவன வேலை பார்த்தார். நெல் குதிரில் இருந்தது, பால் ஒரு மாட்டில் இருந்தது. தோப்பை விற்ற காசு கைக்கு வந்திருந்தால் அது அதற்குள் என்னவாகியிருக்கும் என்று வீட்டில் யாரும் பேசவில்லை. இப்போது அந்த ஐந்து பேர் மறுபடி சென்னையில் இருக்கிறார்கள். பருவத்தில் சப்பட்டை மாம்பழம் பொதிகையில் போகிறது.

இந்த யோசனை பல வீடுகளில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. போவதும் இருப்பதும் அவரவர் நிலைமை. போவதென்றால் சில விஷயங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

பங்குள்ள எல்லோரும், மகள்கள் உட்பட, சம்மதிக்கும் முன் அட்வான்ஸ் வாங்க வேண்டாம். விற்பதற்கு முன் குத்தகைக்கு விட முடியுமா என்று பாருங்கள். மாந்தோப்பைப் பூவில் விலை பேசினால் வியாபாரி தன் நஷ்டத்தையும் சேர்த்துக் குறைத்துக் கேட்பார். காய் பிடித்த பிறகு பேசினால் விலை கூடும். வயலைக் குத்தகைக்கு விட்டால் காலத்தையும் தொகையையும் எழுத்தில் போடுங்கள். சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. வாய்ப்பேச்சில் விட்டால் இரு பக்கமும் மனக்கசப்புதான்.

விற்றே ஆக வேண்டும் என்றால் நிலம் நகராட்சி எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். ஒரு லட்சம் பேர் வரை உள்ள நகராட்சி என்றால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. தூரம் நேர்க்கோட்டில் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சியில் சுமார் 75,000 பேர், ராஜபாளையத்தில் சுமார் 1,30,000 பேர். அதனால் ஊரிலிருந்து 4 கிலோமீட்டரில் இருக்கும் நிலத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வரி வராது, ராஜபாளையம் பக்கம் வரும். ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

கடற்கரையில் மனை மலிவாக வந்தால், கடல் ஏற்ற எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே கட்டடம் கட்டக் கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு உண்டு. போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். வயலுக்குச் செய்வதுதான் இது, வீட்டுக்கும் செய்யலாம்.

எல்லாவற்றுக்கும் முன், சித்திரை வைகாசியில் இரண்டு மாதம் அங்கே போய் இருந்து பாருங்கள். மழைக்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நோட்டு ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள்.